தேடாமத் தேடற வித்தை

நாய் கெடச்சுதா, நாயைப் புடிச்சியா? அதை மொதல்ல சொல்லு கண்ணு. ரெண்டுக்கும் வேற வேற செக்‌ஷன். கோபி கோர்ட்டுல வக்கீல் குமாஸ்தாவாக் கட்டுக் கட்டினவன் நானு. பேரனாச்சேன்னு செக்‌ஷனை மாத்திச் சொல்ல முடியாது.

சரி, கெடச்சுதுன்னே வெச்சுக்குவோம். தீவாளி ராத்திரி பத்தாயிரம் வாலா வெடிச்சப்ப எங்கிருந்தோ ஓடியாந்து, வேளச்சேரில உன்ற அபார்ட்மெண்டு லிப்டுக்குள்ள பூந்துக்கிச்சு. வெடிக்குப் பயந்து சங்கிலியை அறுத்துக்கிட்டு ஓடறது நாய்க்குப் புதுசில்லை. மஞ்சக் கலரு லாப்ரடாரு. கழுத்துல பட்டை இல்லை, ஆனாப் பட்டை கட்டுன தடம் இருக்குது. ஒக்காருன்னா ஒக்காருது, அதுவும் இங்கிலீசுல சொன்னாத்தான் ஒக்காருது. கை குடுன்னாக் குடுக்குது. இப்ப அதுக்குப் பேரு ப்ரூனோ. உன்ற மக வெச்சாளாமா.

அங்கதான் எனக்குச் சந்தேகம். பேரு வெச்சு, கம்பளி வாங்கிப் போட்டு, போட்டோவும் எடுத்து மாட்டுன பொறகுதான் உனக்கு அப்புச்சி நெனப்பு வந்திருக்குது. ‘இதுக்குச் சொந்தக்காரனை எப்படிக் கண்டுபுடிக்கறதுங்க அப்புச்சி’ங்கறே. கண்டுபுடிக்காம இருக்கறது எப்படின்னுதானே கேக்கோணும்னு நெனச்சே? வெக்கப்படாதே. உன்ற அம்மாளைப் பெத்தவன் நான், உன்ற வயித்துல என்ன ஓடுதுன்னு தெரியாதா? தேடுன மாதிரியும் இருக்கோணும், கெடைக்கவும் கூடாது. அதுக்கும் வழி இருக்குது, சொல்லித் தாரேன்.

மொத வித்தை, சிப்பு பாக்கறது. சாயங்காலம் கூட்டம் நெரியற கிளினிக்காப் பாத்துப் போ. ஒத்தை ஆளா நாலு வேலை பாக்கற பையன் ஒருத்தன் இருப்பான். அவன் கைல நாயைக் குடுத்து, ‘தம்பி, சும்மா ஒரு தடவை காட்டிரு’ன்னு சொல்லு. அவன் பொடனி மேல மிசினை ஒரே இழுப்பா இழுப்பான். மிசின் கத்தாது. ‘சிப்பு இல்லீங்க’ம்பான். நீ மொகத்தை வாட்டமா வெச்சுக்கிட்டு, மனசுக்குள்ள விசிலடிச்சுக்கிட்டே வந்துரலாம்.

ஏன் கத்தலைங்கறயா? அது அரிசி மணி அளவுதான்டா இருக்கும். 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன். கண்ணாடிக் குப்பிக்குள்ள ஒரு செம்புக் கம்பிச் சுருளும் ஒரு துளி மூளையும். பேட்டரி கெடயாது. மிசின்ல இருந்து வர்ற அலை பட்டாத்தான் முழிச்சுக்கிட்டுத் தன்ற நம்பரைச் சொல்லும். மிசின் அக்கட்டால நவுந்தா மறுபடி தூங்கிரும். ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல, தோலுக்கு அடியில ஊசி வழியாப் போடறது. ஆனாப் போட்ட எடத்துலயே காலம் பூராம் ஒக்காந்திருக்கோணும்னு அதுக்கென்ன தலையெழுத்து? சில நாய்க்கு நவுந்து நவுந்து தோளுக்கு வந்திருக்கும், நெஞ்சுக்கு வந்திருக்கும், முன்னங்காலு வரைக்கும் எறங்கியிருக்கும்.

அதனால நெசமாவே தேடறவன்னா என்ன பண்ணுவான்? பட்டை சங்கிலி எல்லாத்தையும் அவுத்து வெச்சிருவான். இரும்பு மேசையா இருந்தா நாயைக் கீழ எறக்கிருவான், இரும்பு இருந்தா அலை கொழம்பும். ரோமத்தை ஒட்டின மாதிரி, பொடனில ஆரம்பிச்சு முதுகு பூராம் மெதுவா வளைச்சு வளைச்சுப் பாப்பான். பொறகு ரெண்டு விலா, தோளு, நெஞ்சு, முன்னங்காலு. பொறகு மிசினைத் திருப்பிப் புடிச்சு மறுக்கா ஒருவாட்டி. கொழுத்த நாயா இருந்தா இன்னும் பொறுமை வேணும். அதுலயும் கெடைக்கலைன்னா வேற ஆஸ்பத்திரி, வேற மிசின். இப்ப உலகம் பூராம் பெருவாரியாப் போடறது 134.2 கிலோஹெர்ட்ஸ் சிப்பு. பழசுல 125-ம் உண்டு. ஒரு அலையை மட்டும் படிக்கற மிசினுக்கு இன்னொண்ணு காதுல விழாது. இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும்னு கேக்காதே. நம்ம செவலை மாட்டுக்குச் சினை ஊசி போட வர்ற டாக்டரம்மாளுக்கு நான் மோர் குடுக்கறவன். மோர் குடிக்கற நேரத்துல மனுசங்க நெறையா சொல்லுவாங்க.

மெட்ராசுல 2025-ல இருந்து வீட்டு நாய்க்கெல்லாம் சிப்பு போட்டு லைசென்ஸ் வாங்கோணும்னு மாநகராட்சி கெடுபிடி பண்ணுதல்லவா? லைசென்ஸ் இல்லைன்னா 5,000 ரூவா அபராதம்னு பேப்பர்ல படிச்சேன். சிப்பு போடற எடத்துல படிக்கற மிசினும் இருக்கும். அங்கயே கொண்டு போ. காலைல போ. லீவு போட்டுட்டுப் போ. மாமனார் வீட்டு விருந்துக்கு லீவு போடறயல்லோ.

ரெண்டாவது வித்தை. மிசின் கத்திப்போட்டுது, நம்பர் வந்துருச்சுன்னு வெய்யி. பதறாதே. இன்னும் தப்பிக்க வழி இருக்குது. அந்த நம்பர்ல பேரும் இல்லை, ஊரும் இல்லை, வெறும் 15 இலக்கம். அது செல்போனாட்டம் நாய் எங்க இருக்குதுன்னும் காட்டாது, சொந்தக்காரன் எங்க இருக்கறான்னும் காட்டாது. நம்ம செவலை காதுல மஞ்சத் தோடு தொங்குதல்லவா, அதுல 12 இலக்கம். அதைத் தட்டுனா அரசாங்கக் கணக்குல அது போட்ட கன்னுக்குட்டி வரைக்கும் வந்து நிக்கும். உன்ற நாய் நம்பரு அப்படி இல்லை. எந்தப் புஸ்தகத்துல எழுதி வெச்சாங்களோ அந்தப் புஸ்தகத்துல தேடுனாத்தான் ஆள் கெடைக்கும். புஸ்தகமோ ஒண்ணு ரெண்டு இல்லை. நீ ஒரே ஒரு எடத்துல நம்பரை அடிச்சுப் பாத்துட்டு, ‘பதிவு இல்லைன்னு வந்துருச்சுங்க’ன்னு கையை விரிச்சுரலாம்.

கைய விரிக்காதவன் என்ன பண்ணுவான்னா, மொத மூணு இலக்கத்தைப் பாப்பான். 356-ன்னு ஆரம்பிச்சா அது இந்தியா நாட்டுக் குறி. 900-க்கு மேல ஏதாச்சும் ஒண்ணுல ஆரம்பிச்சா சிப்பு செஞ்ச கம்பெனியோட குறி. கம்பெனி தெரிஞ்சா, அந்தக் கட்டு எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த வியாபாரிக்குப் போச்சுன்னு நூல் புடிச்சுப் போகலாம். மாநகராட்சி லைசென்ஸ் கணக்குலயும் கேக்கலாம். தெருவு நாய்க்குக்கூட இப்பச் சிப்பு போடறாங்களாமா, அதனால நம்பர் வந்த ஒடனே பங்களா வீட்டு நாய்னு முடிவு கட்டவும் முடியாது.

அப்படிப் போன் நம்பரு கெடச்சு, நீ கூப்புடறே. எடுத்தவன் ஓசூர்ல குட்டி வித்த வியாபாரியா இருப்பான். இல்லைன்னா ரெண்டு வருசம் முந்தி இன்னொருத்தனுக்குக் குடுத்துட்டுத் துபாய் போனவனா இருப்பான். இங்கதான் சட்டம் தெரிஞ்சவன் சிரிப்பான். சிப்புல இருக்கற பேரு பதிவு பண்ணுனவன் பேரு, அவ்வளவுதான். அது கெரயப் பத்திரம் ஆகாது. சீமைல 2016 ஏப்ரல் மாசத்துல இருந்து நாய்க்குச் சிப்பு கட்டாயம். அங்கயே பதிவுல இருக்கறவனை நாயை வெச்சுக் காப்பாத்தறவன்னுதான் எழுதறாங்க, சொந்தக்காரன்னு எழுதறதில்லை. சண்டை வந்தா வாங்குன ரசீது, ஊசி போட்ட புஸ்தகம், லைசென்சு, குட்டில எடுத்த போட்டோன்னு எல்லாந்தான் பேசும். அதுல சிப்பும் ஒரு சாட்சி. நல்ல சாட்சி, ஆனா ஒத்தை சாட்சி. இதைக் கேட்டதும் உன்ற மொகத்துல ஒரு வெளிச்சம் வருமே, போன்லயே எனக்குத் தெரியுது. அணைச்சுரு. அந்த ஆள் சொந்தக்காரன் இல்லைன்னா நீ சொந்தக்காரன்னு அர்த்தம் இல்லை. அவன் யாருக்குக் குடுத்தான்னு கேக்கறதுதான் அடுத்த வேலை.

மூணாவது, உனக்கு ரொம்பப் புடிச்ச வித்தை. சிப்பே இல்லை, அதனால நாய்க்கு ஆளே இல்லைங்கறது. ராஜபாளையத்துல, கோம்பைல, சிப்பிப்பாறைல போய்ப் பாரு. பரம்பரை பரம்பரையா நாய் வளக்கற வீடுக. எத்தனை நாய் முதுகுல அரிசி மணி இருக்குதுன்னு கேட்டுப்பாரு. கட்டையக் கொண்டுட்டு வருவாங்க. சிப்பு இல்லைன்னா சிப்பு இல்லை, அதுக்கு மேல ஒரு எழுத்து அதுல படிக்க முடியாது.

இனி கோர்ட்டுக்கு வருவோம். பழைய இண்டியன் பீனல் கோடுல 403. 2024 ஜூலைல சட்டத்தை மாத்துனப்ப 314 ஆக்கிட்டாங்க. நம்பர் மாறுச்சு, விசயம் மாறலை. ஒருத்தன் பொருளு வழில கெடக்குது, அதைப் பத்திரமா வெச்சிருந்து திருப்பிக் குடுக்கோணும்னு எடுத்தா குத்தம் இல்லை. ஆனா யாரோடதுன்னு தெரிஞ்சோ, தெரிஞ்சுக்க வழி இருந்தும் அதைப் பண்ணாமயோ, தக்க முயற்சி எடுத்துத் தகவல் சொல்லித் தக்க காலம் காத்திருக்காமயோ எடுத்து வெச்சுக்கிட்டா அது குத்தம். புதுச் சட்டத்துல இன்னொரு சேதி, ஆறு மாசத்துக்குக் கொறையாம உள்ள இருக்கோணும், ரெண்டு வருசம் வரைக்கும் போகும். அபராதம் தனி.

தக்க காலம்னா எத்தனை நாளுன்னு கேப்பே. வக்கீலாபீஸ் வாசல்ல வந்து நின்ன அத்தனை பேரும் அதைத்தான் கேட்டாங்க. சட்டத்துல நாள் கணக்கு எழுதலை. அந்தந்த சங்கதியைப் பொறுத்துதுன்னு எழுதி விட்டுட்டாங்க. நாளை எண்ணிக்கிட்டு ஒக்காந்திருக்கறவனைப் புடிக்கறதுக்குன்னே அப்படி எழுதுனானோ என்னமோ வெள்ளைக்காரன். நீ எத்தனை நாள் காத்திருந்தேங்கறதை விட, அந்த நாள்ல என்ன பண்ணுனேங்கறதுதான் கேள்வி. ஜட்ஜு முன்னால உன்ற போனை வாங்கிப் பாத்தா, நாயோட எடுத்த செல்பி நூறு, ஸ்டேசனுக்குக் குடுத்த மனு சுழி.

எங்க காலத்துல இது சுலபம். வெள்ளாமைல மாடு மேஞ்சாப் புடிச்சுப் பவுண்டுல அடைக்கோணும். 1871-ஆம் வருசத்துச் சட்டம். ஏழு நாள் ஆளு வரலைன்னா ஸ்டேசனுக்குத் தாக்கல், பொறகு ஊர்ல தப்பட்டை அடிச்சுச் சொல்லோணும், அதுக்கப்பறமும் ஏழு நாளு போனாத்தான் ஏலம். ‘மாடு’ங்கற பட்டியல்ல ஆடு, குதிரை, கழுதை, பன்னி, ஒட்டகம், யானைகூட இருக்குது. நாயை மட்டும் விட்டுட்டான். யானையைத் தொலைச்சவனுக்குச் சட்டம் இருக்குது, ப்ரூனோவைத் தொலைச்சவனுக்கு உன்ற மனசாட்சிதான். பாவம் அவன்.

அதனால தப்பட்டையை நீதான் அடிக்கோணும். நீ எப்படி அடிச்சேன்னு என்ற பேத்தி சொன்னா. மச்சினன் குரூப்புல, பெரியம்மா குரூப்புல, அந்த நாய் கம்பளிக்குள்ள சுருண்டு வாலு மட்டும் தெரியற மாதிரி ஒரு போட்டோ. ‘எங்க வீட்டுப் புது விருந்தாளி.’ இதுக்குப் பேரு அறிவிப்பா? லிப்டு பக்கத்துல ஒட்டு. நாலு தெருவுக்கு டீக்கடைல, மருந்துக் கடைல, சுத்துப்பட்டு நாய் ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் ஒட்டு. உன்ற அபார்ட்மெண்டு குரூப்பு, பக்கத்து அபார்ட்மெண்டு குரூப்பு, எல்லாத்துலயும் மொகம் தெரியப் போடு. ஸ்டேசன்ல எழுதிக் குடுத்து ரசீது வாங்கு. பயந்து ஓடுன நாய் ராத்திரில ஏழெட்டுத் தெரு சர்வசாதாரணமாத் தாண்டும். அதனால உன்ற வீதியோட நிக்காதே.

ஆனா ஒண்ணை மட்டும் எழுதாதே. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் தேர்ச்சந்தைல மாடு மாறிப் போறது சகஜம். ‘என்ற மாடு’ன்னு நாலு பேரு வருவான். எங்க அய்யன் மாட்டு மேல துப்பட்டியைப் போத்திட்டு, ‘சுழி எங்க இருக்குது சொல்லு’ன்னு கேப்பாரு. வளத்தவன் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவான். மத்தவன் கொம்பைப் பத்திப் பேசுவான். அதே மாதிரி உன்ற நாய்க்கு அடிவயித்துல ஒரு கறுப்பு மச்சமோ, வெடிச்ச நகமோ, தழும்போ இருக்கும். அதைப் போட்டோல காட்டாதே, எழுதாதே. சிப்பு நம்பர் முழுசையும் போடாதே. லாப்ரடாருன்னதும் குட்டி போட வெச்சு விக்கறதுக்குன்னு கண்ணீரோட ஒருத்தன் வருவான். மச்சம் எங்க, கடைசியா ஊசி போட்ட புஸ்தகம் எங்கன்னு கேளு. நாய் அவனைப் பாத்து வாலாட்டுதான்னு பாத்து முடிவு பண்ணிராதே. பொறை வெச்சிருக்கறவன் எவனா இருந்தாலும் லாப்ரடாரு வாலாட்டும்.

இன்னொரு வித்தையும் எடுத்து வெச்சிருக்கறயல்லோ, ‘அவிய நாயைச் சரியா வெச்சுக்கலைங்க அப்புச்சி, எலும்பு தெரியுதுங்க’ன்னு. மூணு நாள் சோறு தண்ணி இல்லாம நீ வேளச்சேரில சுத்துனா உனக்கும் தெரியும். அதுக்காக உன்ற பொஞ்சாதி மேல கேஸ் போடலாமா? அடிச்ச காயம், சூடு வெச்ச தழும்பு, சங்கிலி கழுத்துல பதிஞ்ச புண்ணு இருந்தா டாக்டர் கைல எழுதி வாங்கு, ஸ்டேசனுக்குப் போ. மிருகவதைச் சட்டம் 1960-ல இருந்து இருக்குது. அதுக்குப் பேரு புகாரு. நாயை எடுத்து வெச்சுக்கறதுக்குப் பேரு தீர்ப்பு, அதுக்கு உனக்கு அதிகாரம் இல்லை.

தெருவுல விட்டுட்டுப் போயிருப்பாங்கன்னு சொல்லறயா? இருக்கலாம். அப்படிப் போறவனும் உண்டு. நாயைப் பட்டினில சாகற மாதிரி அநாதையா விட்டா அதே சட்டத்துல குத்தந்தான். மொதத் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூவால ஆரம்பிச்சு 50 வரைக்கும். மெட்ராசுல நாய் லைசென்சுக்குக் கட்டணமும் 2025-ல 50 ரூவாதானாமா. வளத்தாலும் அம்பது, விட்டாலும் அம்பது. இதைப் போட்டவனுக்குத் தராசு புடிச்ச கையி. விட்டவன்னே தெரிஞ்சா, ‘எனக்கு வேண்டாம், இவன் வெச்சுக்கட்டும்’னு ஒரு காகிதத்துல கையெழுத்து வாங்கிக்கோ. வாய்ப் பேச்சுல வாங்குன நாய், அவன் பொஞ்சாதி ஊர்ல இருந்து வந்த ஒடனே திரும்பிப் போயிரும். கொழந்தை அழுகுதுங்கறே. அழுகட்டும். அந்தப் பக்கத்துலயும் ஒரு கொழந்தை இருந்தா அதுக்கும் தொண்டை இருக்குது.

கொழந்தைன்னதும் ஞாபகம் வருது. அந்த நாய்க்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்டாங்களான்னு உனக்குத் தெரியாது. சிப்பு பாக்கப் போற அன்னிக்கே டாக்டர்கிட்டக் கேட்டு ஊசியும் போட்டுக்கோ. பாப்பாளைக் கொஞ்ச நாளைக்கு மூஞ்சியோட மூஞ்சி வெச்சுக் கொஞ்ச விடாதே. பல்லு பட்டா, சோப்புப் போட்டு ஓடற தண்ணில கால்மணி நேரம் கழுவிட்டு ஒடனே ஆஸ்பத்திரி. இதுல மட்டும் நான் கேலி பேசலை.

அப்பறம் கடைசியா உன்ற கணக்கு. போன்ல எழுதி வெச்சிருக்கறயாமா, டப்பாத் தீனி, கம்பளி, ஷாம்பு, டாக்டர் பீசு. அதுக்கும் சட்டம் இருக்குது, 1872-ஆம் வருசத்து ஒப்பந்தச் சட்டம். கண்டெடுத்தவன் தானா இழுத்து விட்டுக்கிட்ட செலவுக்குச் சொந்தக்காரன் மேல கேஸ் போட முடியாது. ஆனாக் காசு குடுக்கற வரைக்கும் பொருளைப் புடிச்சு வெச்சுக்கலாம். இன்ன தொகை சன்மானம்னு அவன் அறிவிச்சிருந்தா, அதுக்குக் கேஸும் போடலாம். அடுத்த செக்‌ஷன் இன்னும் ருசியா இருக்கும். தக்கபடி தேடியும் ஆளு கெடைக்கலை, இல்லை கெடச்சும் செலவைக் குடுக்க மாட்டேங்கறான், நம்ம செலவு பொருளோட மதிப்புல மூணுல ரெண்டு பங்கு ஆயிருச்சுன்னா வித்துக்கக்கூட உரிமை உண்டு. ஒடனே டப்பாத் தீனியை ரெட்டிப்பாக்காதே. நாயை ஏசி ரூம்புல தூங்க வெச்ச கரண்டு பில்லை எந்தக் கோர்ட்டும் சேத்துக்காது.

தேடு. நாஞ்சொன்ன மாதிரி நெசமாத் தேடு. ரசீதெல்லாம் பைல் போட்டு வெய்யி. அப்பறமும் ஒருத்தரும் வரலைன்னா, அப்ப வெச்சுக்கோ, நான் வேண்டாங்கலை. சிப்பு இல்லைன்னா போட்டுக்கோ, லைசென்சு வாங்கிக்கோ, வருசா வருசம் புதுப்பி. பழைய சிப்பு இருந்தா, ஸ்டேசன் ரசீதைக் காட்டி அதே நம்பர்ல பேரை மாத்தித் தரச்சொல்லிக் கேளு. போன் நம்பர் எழுதற எடத்துல மட்டும் உன்ற நம்பரைக் குடுக்காதே. ஆபர் வர்றப்பெல்லாம் சிம்மு மாத்தறவன் நீ, பதிவுல மாத்தவே மாட்டே. என்ற நம்பரைக் குடு. என்ற நம்பர் மாறாது, நானும் சாளையை விட்டு எங்கயும் போறதில்லை. எவனாச்சும் கூப்புட்டு ‘உங்க நாய் எங்ககிட்ட இருக்குதுங்க’ன்னு சொன்னா, பேரு வெச்சுட்டயாப்பான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு, அவன் கணக்கை வாங்கி வெக்கறேன்.